வல்லைவெளியில் எது எடுபடும்?

நான் திரும்பவும் பஸ்ஸுக்கு வந்தது 2022 இல், பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த காலத்தில். அதற்கு முதல் ஸ்கூட்டிதான். நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் அலுவலகத்துக்குப் போக வர ஏறக்குறைய 50 கிலோமீற்றர். கிழமைக்கு ஐந்து நாள். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று வைத்தார்கள். என் கிழட்டு ஸ்கூட்டி லீற்றருக்கு 40 ஓடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியாழக்கிழமை விடிய வண்டி நடுவழியில், ஆவரங்காலோடு நின்றுவிடும். சரி, பஸ்ஸிலேயே போவோம் என்று ஏறினேன். பிறகு பெற்றோல் தாராளமாக வந்தது. நான்தான் ஸ்கூட்டிக்குத் திரும்பவில்லை. ஸ்கூட்டியில் ஒரு பக்கம்கூட வாசிக்க முடியாது. பஸ்ஸில் வாசிக்கவும் கேட்கவும் எது சரிவரும் என்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு 750ஆம் இலக்க பஸ்ஸில் போகிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பருத்தித்துறையில் வெளிக்கிட்டு வரும் பஸ் நெல்லியடிக்கு வரும்போதே நிறைந்திருக்கும். "பின்னுக்குப் போங்கோ அக்கா, பின்னுக்கு இடம் கிடக்கு" என்பார் கொண்டக்ரர். பின்னுக்கு ஒரு இடமும் கிடக்காது. புத்தூர்ச் சந்தியில் கொஞ்சப் பேர் இறங்க, அதிர்ஷ்டம் இருந்தால் சீற் கிடைக்கும். ஆகவே என் பயணம் உண்மையில் இரண்டு பயணம். நெல்லியடி முதல் புத்தூர் வரை ஒரு கை மேல் கம்பியில், மற்றக் கை கைப்பையில். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. புத்தூரிலிருந்து நல்லூர் வரை இருந்து போவதால் கண்ணுக்கும் வேலை கொடுக்கலாம். பஸ்ஸுக்கு எதைக் கொண்டுபோவது என்று யோசிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நல்ல புத்தகமா, நல்ல நிகழ்ச்சியா என்பதெல்லாம் அடுத்த கேள்வி.

காதுக்கு ஒரு பரீட்சை மண்டபம் உண்டு. வல்லைவெளி. வீடு வளவு இல்லாத அந்த வெட்டையில், தொண்டைமானாற்று நீரேரிக்கு மேலால் வரும் காற்று பஸ்ஸின் ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் வெளியே போகும். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் சேலைத் தலைப்பைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். ரைவருக்கும் அங்கேதான் உற்சாகம் வரும். சந்தி இல்லை, ஏற்ற இறக்க ஆள் இல்லை, மிதிப்பார். எஞ்சின் சத்தம், காற்று, தலைக்கு மேல் ஸ்பீக்கரில் போகும் பாட்டு மூன்றும் ஒன்றுசேரும் அந்த ஐந்து நிமிடத்தில் எந்தக் குரல் விளங்குகிறதோ அதுதான் பஸ்ஸுக்கு ஏற்ற குரல். மூன்று வருடமாக நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அங்கே வைத்துத்தான் புள்ளி போட்டேன்.

முதலில் கருவி. டவுனில் ஒரு கடையில் 2,500 ரூபாவுக்கு, கழுத்தில் மாலை மாதிரிக் கிடக்கும் வயர் இல்லாத இயர்போன் ஒன்று வாங்கினேன். "ஒரு வருசம் வரன்ரி அக்கா, யோசிக்காம கொண்டு போங்கோ" என்றார் கடைக்காரத் தம்பி. 22ஆம் நாள் வலது காது செத்தது. கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளுக்கு வியர்வை போயிருக்கு, தண்ணி பட்டதுக்கு வரன்ரி இல்லை என்றார். யாழ்ப்பாணத்தில் வியர்க்காத கழுத்தை எங்கே போய் வாங்குவது? "அப்ப இதை ஃபிரிட்ஜுக்குள்ள இருந்தே கேக்கிறது?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார், பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள், காசு மட்டும் திரும்பவில்லை.

பிறகு 600 ரூபாவுக்கு வயர் உள்ள சாதாரணமானது ஒன்று வாங்கினேன். காதுக்குள் செருகும் ரப்பர் நுனி உள்ள வகை. ஒன்றரை வருடமாக உழைக்கிறது. அந்த ரப்பர்தான் விசயம். வெளிச் சத்தம் கூடினால் நாம் அறியாமலே போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு போவோம். 80 டெசிபெல்லில் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 என்றால் 4 மணித்தியாலம்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நான் கிழமைக்குப் பத்து மணித்தியாலம் பஸ்ஸில் இருக்கிறேன். எனவே சத்தத்தைக் கூட்டுவதை விட இரைச்சலை வாசலிலேயே மறிப்பது நல்லது. சீற் கிடைத்த பிறகு வலது பக்கத்தைக் கழற்றிவிடுவேன். கொண்டக்ரரிடம் மிச்சக் காசு கேட்டு வாங்க ஒரு காது வேண்டும்.

இனிக் கேட்கும் சாமான்கள். பொட்காஸ்ட் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று முதலில் இறக்கியவை, மூன்று நான்கு பேர் கூடியிருந்து கதைக்கும் நிகழ்ச்சிகள். சினிமா, காசு, அரசியல் என்று எல்லாம் கதைப்பார்கள். வீட்டில் மீன் வெட்டிக்கொண்டு கேட்டால் நன்றாக இருக்கும். வல்லையில் ஒன்றும் மிஞ்சாது. ஒருவர் சொல்லி முடிக்க முதல் மற்றவர் தொடங்குவார், பிறகு எல்லோரும் சிரிப்பார்கள். பகிடி என்னவென்று தெரியாமல் நான்கு பேர் காதுக்குள் சிரித்தால், என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று இருக்கும். அந்த வகையை ஒரு மாதத்தில் கைவிட்டேன்.

ஏன் விளங்கவில்லை என்று கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். எங்கள் பாசையில் முக்கியமான எல்லாம் வசனத்தின் வாலில்தான் வரும். வந்தாரா, வரவில்லையா, வருவாரா, வந்திருப்பாரா என்பது கடைசிச் சொல் காதில் விழுந்தால்தான் தெரியும். கதைக்கிறவர்களோ வசனம் முடியும்போது குரலை இறக்கிவிடுவார்கள். பஸ் எஞ்சினின் உறுமல் சரியாக அந்த இடத்தை விழுங்கிவிடும். "அந்த ஒப்பந்தத்தை அமைச்சர்" வரைக்கும் விளங்கும். அதற்குப் பிறகு அமைச்சர் கைச்சாத்திட்டாரா கிழித்தெறிந்தாரா என்பது காற்றோடு போய்விடும். எனவே தமிழில் பொட்காஸ்ட் தேடுகிறவர்களுக்கு என் ஒரே ஆலோசனை: நிகழ்ச்சியின் தலைப்பைப் பார்க்காதீர்கள், இரண்டு நிமிடம் போட்டு, வசனத்தின் கடைசிச் சொல்லை ஆள் எப்படி விடுகிறார் என்று கேளுங்கள்.

எங்கள் தலைமுறைக்கு இதற்கு ஒரு அளவுகோல் உண்டு. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். நான் சுற்ற, அப்பா காதை றேடியோவோடு ஒட்டி வைத்து பிபிசி தமிழோசை கேட்பார். எனக்குக் கை உளைந்தால் அறிவிப்பாளரின் குரலும் தேய்ந்து இறங்கும். "சுத்து பிள்ளை, சுத்து, முக்கியமான இடம்" என்பார் அப்பா. சிற்றலை இரைச்சல், என் கைவேகம், தூரத்துச் சத்தங்கள் எல்லாவற்றுக்கும் ஊடாகக் கடைசிச் சொல் விளங்கும். அப்படி வாசித்தார்கள். 1941 இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 உடன் நின்றது. இன்றைக்கு விலை கூடின மைக்குக்கு முன்னால் இருந்து கதைப்பவர்கள் பலர் வாலை விழுங்குகிறார்கள். அவர்கள் ஒருநாள் 750 இல் ஏறித் தங்கள் நிகழ்ச்சியைத் தாங்களே கேட்டுப் பார்க்க வேண்டும்.

வல்லையைத் தாண்டிய மனிதக் குரல்களில் முதலிடம் எஸ்பிஎஸ் தமிழுக்கு. அவுஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் தமிழ்ச் சேவை அது. வானொலிப் பழக்கத்தில் வந்தவர்கள் என்பதால் குரல் நேராக நிற்கிறது. துண்டு துண்டாகப் போடுவார்கள். ஆறு நிமிடம், எட்டு நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. நெல்லியடியில் தொடங்கி ஆவரங்காலில் முடிக்கலாம். இலங்கைச் செய்தியும் வரும், செவ்வி கொடுப்பவர்கள் பலர் எங்கள் பேச்சிலேயே கதைப்பார்கள். குறை என்னவென்றால் பாதி நிகழ்ச்சி அங்கே இருப்பவர்களுக்கானது. வீட்டுக் கடன் வட்டி, விசா விதிகள், ஓய்வூதிய நிதி. எனக்கு அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று நினைத்திருந்தேன். போன வருடம் மெல்பேர்னில் இருக்கும் சித்தியின் மகளுக்கு அங்கத்தைய புது விதி ஒன்றை நான்தான் போனில் சொன்னேன். "நீ எங்க இருந்தடி கதைக்கிற?" என்று கேட்டாள்.

கதை கேட்க ஆசைப்பட்டால் தீபிகா அருண் வாசிக்கும் 'கதை ஓசை'யைச் சொல்வேன். ஒரே குரல், நிதானமான வேகம். நான் ஒலியில் முழுதாகக் கேட்டு முடித்த நாவல் பொன்னியின் செல்வன்தான். சின்ன வயதில் அம்மம்மாவின் பெட்டிக்குள் இருந்த பைண்டு புத்தகத்தில் வாசித்தது. அது பஸ்ஸுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பது கேட்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது அல்லவா? ஒரு கிழமை காத்திருக்கிறவரை இழுத்து வைக்க ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கொக்கி போட்டிருப்பார் கல்கி. கிழமைக்குப் போட்ட கொக்கி பின்னேர பஸ் வரைக்கும் தாங்காதா? ஐந்து பாகத்திலும் சேர்த்து 293 அத்தியாயம். விடிய ஒன்று, பின்னேரம் ஒன்று என்று கேட்டு ஏழு மாதத்தில் முடித்தேன். கோடியக்கரைக் காட்சிகள் வந்தபோது மட்டும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வடமராட்சிக்காரருக்கு அது வெறும் கதைக் களம் இல்லை. நேர் எதிர்க் கரை. வள்ளத்தில் போய்வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

இதே நாவலுக்கு யூடியூப்பில் வேறு பதிவுகளும் கிடைக்கும். சிலவற்றில் குதிரைக் குளம்பொலி, வாள் மோதல், பின்னணி இசை எல்லாம் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸே ஒரு பின்னணி இசை. அதற்கு மேல் இன்னொன்று வேண்டாம்.

மெசின் வாசிப்பையும் சொல்ல வேண்டும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இலவசமாக மின்நூல்களை இறக்கி, போனில் உரக்க வாசிக்கும் வசதியைப் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு வாசிக்கும். என் போனில் இருக்கும் குரலுக்கு எங்கள் எழுத்து பழக்கமில்லை. டிக்கெட்டை 'ரிக்கற்' என்று நாங்கள் எழுதினால் எழுதினபடியே, ஏதோ சங்ககாலச் சொல் மாதிரி உச்சரிக்கும். செத்தவீட்டையும் கலியாணவீட்டையும் ஒரே தொனியில் சொல்லும். ஆனால் ஒன்று: அது எந்த வாலையும் விழுங்குவதில்லை. கடைசிச் சொல்லும் முதல் சொல் போலவே அதே பலத்தோடு வரும். வல்லைவெளியில் எல்லா மனிதரையும் விடக் கூடப் புள்ளி எடுத்தது இந்த மெசின்தான் என்பதைக் கொஞ்சம் கவலையோடு எழுதுகிறேன். கட்டுரை, பயணக் குறிப்பு, அறிவியல் மாதிரியானவற்றுக்கு அது போதும். கதைக்கு வேண்டவே வேண்டாம்.

புத்தூரில் சீற் கிடைத்த பிறகு வாசிப்பு. ஓடும் பஸ்ஸில் வாசித்தால் எனக்குத் தலை சுற்றும். கண் பக்கத்தில் அசையாமல் நிற்கிறது, உள்காது அசைவை உணர்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் மூளை குழம்பி வயிற்றைப் பிரட்டுகிறது என்பார்கள். யன்னல் பக்கம் இருந்து, ஒரு பக்கம் முடிய ஒருதரம் தூரத்து வயலைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது என் வைத்தியம். நீர்வேலி வாழைத் தோட்டங்கள் அதற்கு நல்லவை. அப்படி விட்டு விட்டு வாசிப்பதால் நீண்ட பந்தி, நீண்ட அத்தியாயம் சரிவராது. சிறுகதை, பத்தி, கேள்வி பதில், கடிதம் போன்றவைதான் சரி.

அச்சுப் புத்தகத்தை நான் விட்டுவிடவில்லை. மாதச் சம்பளத்துக்குப் பூபாலசிங்கம் புத்தகக் கடைக்குப் போகும் பழக்கம் இருக்கிறது. ஆனால் இந்தியாவிலிருந்து வரும் புத்தகத்தின் பின்னட்டையில் 350 என்று இருந்தால் இங்கே அது ஆயிரத்தைத் தாண்டும். அந்த விலைக்கு வாங்கிய புத்தகத்தை பஸ்ஸுக்குக் கொண்டுபோக மனம் வராது. ஒருதரம் கொண்டுபோனேன். கைப்பைக்குள் சாப்பாட்டுப் பெட்டி கவிழ்ந்தது. கூட வேலை செய்யும் ரீச்சரிடம் இரவல் வாங்கிய புத்தகம் அது. 47ஆம் பக்கத்திலிருந்து 60 வரை திருக்கைக் குழம்பு. கழுவ முடியாது, காயவைத்தேன், மணம் போகவில்லை. புதுப் பிரதி வாங்கிக் கொடுத்தேன். பழையது என்னிடம் இருக்கிறது, இன்றைக்கும் அதைத் திறந்தால் பசிக்கும்.

பஸ்ஸுக்கு என்று ஒரு எழுத்தாளரைச் சொல்லச் சொன்னால் அ. முத்துலிங்கம். கொக்குவிலில் பிறந்து ஆபிரிக்கா, பாகிஸ்தான் என்று வேலை பார்த்து இப்போது கனடாவில் இருப்பவர். கதையோ கட்டுரையோ முதல் இரண்டு வரியிலேயே ஆளைப் பிடித்துவிடுவார், பஸ் கோப்பாய்க்கு வர முதல் முடித்தும் விடுவார். ஒரே பிரச்சினை, திடீரென்று சிரிப்பு வரும். பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் நான் சிரித்ததைப் பார்த்துத் தன் சேட்டுப் பொத்தானைத் தடவிப் பார்த்தார்.

இவ்வளவையும் சொன்னது உண்மையில் நூலகத்தைப் பற்றிச் சொல்லத்தான். கட்டிடத்தைச் சொல்லவில்லை, 2005 இல் தொடங்கிய இணைய நூலகம், நூலகம் நிறுவனம் நடத்துவது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 புத்தகங்கள் எரிந்த ஊரில், கையில் கிடைத்த தாளையெல்லாம் ஸ்கான் பண்ணிப் போடுகிறார்கள். நாவல், கவிதை, பழைய பத்திரிகை மட்டும் இல்லை. பள்ளிக்கூட மலர், கோயில் கும்பாபிஷேக மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை எல்லாம் கிடக்கும். எல்லாம் இலவசம்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கங்கள் எல்லாம் படங்கள். எழுத்தைப் பெருப்பித்தால் வரி திரைக்கு வெளியே போகும். விரலால் இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். பஸ் ஒரு பள்ளத்தில் விழ, பெருவிரல் வழுக்கி 12ஆம் பக்கத்திலிருந்து 31க்குப் போய்விடும். இரண்டு நிரலாக அச்சடித்த சஞ்சிகை என்றால் போனைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடியுங்கள், ஒரு நிரல் அளவாக நிற்கும். படம் என்பதால் மெசின் குரலாலும் வாசிக்க முடியாது. கோப்புகள் பெரியவை, வீட்டில் வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு ஏற வேண்டும். பஸ்ஸில் இறக்கப் பார்த்தால் டேற்றாவும் போய்விடும், இருபாலைச் சந்தியும் வந்துவிடும்.

இவ்வளவு குறை இருந்தும் மூன்று வருடத்தில் நான் அதிகம் வாசித்தது அங்கேதான். உதாரணத்துக்கு மல்லிகை. முடிதிருத்தும் தொழில் செய்தபடி எழுத வந்த டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, பல பத்தாண்டுகள் நடத்திய சஞ்சிகை. ஒரு இதழில் இரண்டு மூன்று சிறுகதை, கவிதை, கட்டுரை. பிறகு 'தூண்டில்' என்று ஜீவாவின் கேள்வி பதில். தூண்டில் பஸ்ஸுக்கென்றே எழுதியது போல இருக்கும். ஒரு கேள்வி, ஒரு பதில், யன்னலால் ஒரு பார்வை. ஸ்கான் பண்ணிய பிரதிகளில் யாரோ ஒருவர் பென்சிலால் கோடு இழுத்திருப்பார், ஒரு மூலையில் வாசிகசாலை முத்திரை இருக்கும், மடித்த அடையாளம் சாம்பல் நிறக் கோடாகத் தெரியும். கதையோடு சேர்த்து அந்தக் கோடுகளையும் வாசிப்பேன். கோடு போட்ட ஆளோடு எனக்குப் பல இடங்களில் உடன்பாடு இல்லை.

அதைவிட ருசி கல்வெட்டுகளில். வெளியூர் ஆட்களுக்கு விளங்காது: செத்தவீடு முடிந்து ஒரு மாதமளவில் செய்யும் அந்தியேட்டிக்குப் போனால் சாப்பாட்டோடு கையில் தருவார்களே, அந்த நினைவு மலர். முன்பக்கத்தில் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, திதி வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் வம்சவழி. வீட்டில் இவை அலுமாரி மேல் தூசி பிடித்துக் கிடக்கும், ஒருவரும் திறப்பதில்லை. பஸ்ஸில் வாசித்தால் அது வேறு சாமான். எந்த ஊரில் பிறந்து எங்கே கலியாணம் செய்தார், மலாயாவுக்கு எப்போது போனார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார் என்று ஒரு மனிதரின் முழுக் கணக்கும் பத்துப் பக்கத்துக்குள். புலம்பல்களில் கவித்துவம் குறைவு, எதுகை அதிகம். ஆனால் திடீரென்று ஒரு வரியில், பின்னேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டால் நாய் படலைக்கு ஓடும் என்று எழுதியிருக்கும். அந்த வரிக்காக மிச்சத்தை மன்னிக்கலாம்.

ஒருநாள் இப்படி ஒன்றை வாசித்துக்கொண்டு இருந்தபோது பக்கத்தில் இருந்த வயதான அம்மா எட்டிப் பார்த்தார். "உது ஆர் பிள்ளை, சொந்தமோ?" இல்லை அம்மா, சும்மா வாசிக்கிறன் என்றேன். முன்பின் தெரியாத செத்த ஆளின் கல்வெட்டை ஒருத்தி பஸ்ஸில் சும்மா வாசிக்கிறாள் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு, ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். பெண் எடுத்த இடம்? அதையும் சொன்னேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வம்சவழிப் பக்கத்தைப் பெருப்பிக்கச் சொன்னார். பஸ் கோப்பாய்க்கு வர முதல் மூன்றாவது கிளையில் தனக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்துவிட்டார். இருபாலையில் இறங்கும்போது, "உந்தப் புத்தகம் எங்க வாங்கலாம்?" என்று கேட்டார். பேரப்பிள்ளையின் போனில் எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

வாசிக்கும் பொருளும் போகும் பாதையும் சேரும் நாட்களும் வரும். சிறுப்பிட்டியை 750 ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். தோட்டம், மதில், இரண்டு கடை. சி. வை. தாமோதரம்பிள்ளை 1832 இல் பிறந்த ஊர் அது. கலித்தொகையை 1887 இல் முதன்முதலாக அச்சில் ஏற்றியவர். அந்தப் பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரையை போனில் வைத்திருந்தேன். ஏட்டை எடுக்கும்போதே ஓரம் சொரிவதையும், கட்டை அவிழ்த்தால் இதழ் ஒடிவதையும், புரட்டினால் துண்டாகப் பறப்பதையும் அவர் சொல்லும் இடத்தில் நான் நிற்க, பஸ் சிறுப்பிட்டியில் நின்றது. ஒருவர் வாழைக்குலையோடு ஏறினார். குலைக்கு இடம் விட நான் காலை ஒதுக்கினேன். பெருவிரல் வழுக்கிப் பக்கம் மாறிவிட்டது. திரும்பக் கண்டுபிடிக்கும்போது நீர்வேலி. கலித்தொகைப் பாட்டுகள் மதுரைத் திட்டத்தில் இருக்கின்றன, 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் தளம் அது. எழுத்தாகவே கிடைப்பதால் பெருப்பித்து வாசிக்கலாம். ஆனால் பாட்டை பஸ்ஸில் வாசித்து எனக்குப் பிடிபடவில்லை. முன்னுரை மட்டும் பிடிபட்டது.

பின்னேரப் பயணத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அரைவாசி நாள் நித்திரை. மிச்ச நாளில் கொண்டக்ரர் போடும் பாட்டு. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவர் ரசனை நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்டால், நின்று போகிறவருக்கு எஸ்பிஎஸ் துண்டுகள், நீண்ட தூரம் இருந்து போகிறவருக்கு மல்லிகை, கூட ஒரு வயதானவரை அழைத்துப் போகிறவருக்குக் கல்வெட்டு என்று சொல்வேன். பிள்ளைகளை ரியூசனுக்குக் கூட்டிப் போகிறவர்கள் பிபிசியின் ஆறு நிமிட ஆங்கிலத்தைப் போட்டுப் பார்க்கலாம். என் மகன் மூன்று நாள் கேட்டான், நாலாம் நாள் இயர்போனை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கிழமை சோளகம் தொடங்கிவிட்டது. நேற்று வல்லையில் எஸ்பிஎஸ்ஸே இரண்டு இடத்தில் வழுக்கியது. ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மல்லிகையும் ஒரு பள்ளிக்கூட மலரும் இறக்கி வைத்திருக்கிறேன். புத்தூரில் சீற் கிடைக்காவிட்டால் மெசின்தான்.